இரண்டு ஃபானோக்கள்

எங்கள் தெருவில் இரண்டு ஃபானோக்கள் இருந்தார்கள். சவரக்கடை லெயார்கோ ஃபானோ கிறிஸ்தவன். பக்கத்துக் கடையில் பித்தான் விற்ற தாவிதே ஃபானோ யூதன். எந்தக் காலத்திலோ இருவருடைய முன்னோர்களும் இத்தாலியின் கடலோரத்து ஃபானோ ஊரிலிருந்து எங்கள் ஃபெராராவுக்குப் பிழைக்க வந்தவர்கள். அந்த ஊரிலேயே இருப்பவனை யாரும் ஃபானோ என்று கூப்பிடப்போவதில்லை. விட்டு வந்தவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். துளி ரத்த சொந்தம் இல்லாமலேயே இருவரும் ஒருவரையொருவர் "பங்காளி" என்பார்கள். எதிரே ஒயின் கடை வைத்திருந்த எனக்கு அவர்களுடைய வாய்ச்சண்டைதான் பொழுதுபோக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது. ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராக வைத்திருப்பவர்கள் எல்லாம் யூதர்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. லெயார்கோவின் நாற்காலி காலியானது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதன்!

அவன் மனைவி நோரீனா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய பன்றித் தொத்திறைச்சி ஒன்றை வாங்கி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டாள். யூதர்கள் பன்றியைத் தொடமாட்டார்கள்; பன்றி தொங்கும் கடை யூதன் கடையாக இருக்குமா? ஒரே வாரத்தில் கூட்டம் திரும்பியது.

"இதை முன்னாடியே மாட்டியிருக்கக் கூடாதா, லெயார்கோ? நாங்க என்னத்தைக் கண்டோம்?" என்றான் கசாப்புக்காரன் ப்ரிமோ, முகம் நிறையச் சோப்பு நுரையோடு. "அப்போ பக்கத்துக் கடை ஃபானோதான் அந்த ஆளு!"

லெயார்கோவின் கத்தி அப்படியே நின்றது. தன்னைக் காப்பாற்றிக்கொண்ட கையோடு பங்காளியைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமைதோறும் சவரத்துக்கு வரும் தாவிதே அந்த வாரம் வரவில்லை. லெயார்கோ காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, கத்தியும் கிண்ணமுமாகப் பித்தான் கடைக்குள் நுழைந்தான். என் வாசல் வரை பேச்சு கேட்டது.

"உட்காரு பங்காளி. என்ன இது, ஆட்டுத்தாடி வளர்த்து வெச்சிருக்கே?"

"உன் கடையில பன்னி இருக்கு. என் கடையில ஆடு இருந்துட்டுப் போகட்டும்."

"இப்பவே இறக்கிடறேன்."

"இறக்காதே. ரெண்டு ஃபானோவும் பட்டினி கிடந்தா யாருக்கு லாபம்? நாங்க கப்பலேறப் போறோம். அர்ஜென்டினாவுக்கு."

கத்தி மறுபடி உரசும் சத்தம் கேட்டது.

"அங்கே போய் என்ன பேர் சொல்லுவே?" என்றான் லெயார்கோ.

"எனக்கென்ன, ஃபானோதான். என் பேரப்பிள்ளைங்களைத்தான் ஃபெராராக்காரங்கன்னு கூப்பிடுவாங்க, பாரு."

தாவிதே சிரித்தான். எனக்கு அழுகை வந்தது.

கடைக்குத் திரும்பிய லெயார்கோ, அத்தனை பேர் முன்னாலும் தொத்திறைச்சியின் கயிற்றை அறுத்து, அங்கே உட்கார்ந்திருந்த ப்ரிமோவின் மடியில் அதைப் போட்டான். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

"பைத்தியக்காரா! யூதன் ஃபானோ யாருன்னு கேட்டு வந்தா நான் என்னன்னு சொல்றது?" என்று நோரீனா கத்தினாள்.

"நான்தான்னு சொல்லு."