சிரிச்சுக்கொண்டே சொன்ன ‘ஏலாது’

எனக்கு எவ்வளவு கோபம் வருதோ, அவ்வளவுக்குப் பல்லுத் தெரியும். பிறவிக் குணமில்லை, பழக்கின குணம். கொழும்பில படிக்கேக்க ஒத்திசைவு நீச்சல் குழுவில இருந்தனான். எட்டுப் பிள்ளைகள் பாட்டுக்கு ஏத்தமாதிரித் தண்ணிக்குள்ள ஒண்டாத் தலைகீழா நிண்டு, ஒண்டாக் காலைத் தூக்கி, ஒண்டா மேல வாறது. மேல வரேக்க நெஞ்சு வெடிக்கப் பாக்கும். நடுவருக்கு அது தெரியப்படாது, சிரிக்கோணும். “செத்தாலும் பல்லோட சாவுங்கோ” எண்டுவா எங்கட பயிற்றுவிப்பாளர். நீச்சலை விட்டு இவ்வளவு காலமாகியும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகேல்ல.

திருகோணமலைக்குத் திரும்பி வந்து நீச்சல் சொல்லிக் குடுத்து, கடைசியில எங்கட நீச்சல் சங்கத்துக்குத் தலைவியாகவும் வந்திட்டன். திறமையைப் பாத்துத்தான் தெரிவு செய்தவை எண்டு கொஞ்சக் காலம் தலைக்கனத்தோட திரிஞ்சனான். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கேக்க பொருளாளர் ஐயா உண்மையைச் சொல்லிப்போட்டார். “உங்களால ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை. எதைச் சொன்னாலும் சிரிச்ச முகம்.” எடுப்பார் கைப்பிள்ளை எண்ட சொல்லை மட்டும் அவர் சொல்லேல்ல, மரியாதையான மனிசன். அதுக்கும் நான் சிரிச்சனான்.

தலைவியாகி நான் செய்த ஒரே உருப்படியான வேலை, சனி பின்னேரத்தைப் பெண்களுக்கு மட்டும் எண்டு ஒதுக்கினது. கிண்ணியாவில இருந்து பாலத்தால பஸ்ஸேறி வாற ஒரு முஸ்லிம் அக்கா, ராத்தா எண்டுதான் கூப்பிடுறனாங்கள், அவதான் அதில முதல் ஆள். மூண்டு பிள்ளைகளின்ர தாய், மனிசன் கடலுக்குப் போறவர். “வீட்டச் சுத்தித் தண்ணி மிஸ், எனக்கு மட்டும் நீந்தத் தெரியா. என்ட புள்ளையள் விழுந்தா நான் கரையில நிண்டு கத்தத்தானே ஏலும்?” எண்டு வந்த அண்டைக்கே சொன்னவ. கழுத்தளவு தண்ணிக்கு வரவே அவவுக்குக் கன காலம் எடுத்தது. மிதக்க இன்னும் வரேல்ல.

அப்பதான் ஒரு கூட்டத்தில பொருளாளர் எழும்பி, பெடியளின்ர வாட்டர்போலோ அணிக்குப் பயிற்சி நேரம் காணாது, வாற மாசத்தில இருந்து சனி பின்னேரத்தை அவங்களுக்குக் குடுப்பம் எண்டார். எனக்கு விசர் வந்திட்டு. வாயைத் திறக்க விட்டால்தானே! ஒருத்தர் விட்ட இடத்தில மற்றவர் பிடிக்கிறார். என்ர கோபம் ஏற ஏறப் பல்லு ஒவ்வொண்டா வெளிய வந்துது. “பாருங்கோ, தலைவிக்கும் நல்ல சந்தோசம்!” எண்டு பொருளாளர் முடிச்சிட்டார். எல்லாரும் கைதட்டிப்போட்டு வடைக்கு எழும்பிட்டினம். மௌனம் சம்மதமெண்டால், முப்பத்திரண்டு பல்லும் என்னத்துக்குச் சமன்?

அடுத்த சனி ராத்தா வந்தா. “எங்கட நேரம் இனி இல்லையாம். நீங்களும் சிரிச்சு ஓமெண்டீங்களாமே மிஸ்?” சண்டைக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. துவாயை மடிக்கிறதும் விரிக்கிறதுமா நிண்டு கேட்டவ. எனக்கு வெக்கம் தாங்கேலாமல் போச்சு. அப்பவும் இந்தப் பாழாய்ப்போன முகம் சிரிச்சுது.

வீட்ட வந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு முறைச்சுப் பழகினன். என்ர மனிசன் எட்டிப் பாத்து, “என்னப்பா, பல்லுக்கொதியே?” எண்டு கேட்டார். சரி, முகம் சரிவராது. வேற என்ன இருக்கு என்னட்டை? மூச்சு இருக்கு! எங்கட கூட்டங்களில ஒருத்தர் மூச்செடுக்க நிப்பாட்டினால்தான் மற்றவர் இடையில பூந்து கதைப்பார். நான் ஏன் நிப்பாட்டோணும்?

அவசரமெண்டு திரும்பவும் கூட்டத்தைக் கூட்டினன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முழுப் பல்லையும் காட்டிக்கொண்டு தொடங்கினன். “சனி பின்னேரம் ஏலாது, நான் சிரிக்கிறதைப் பாத்து ஓமெண்டு நினையாதேங்கோ இது கோபம், பெடியள் ஞாயிறு விடியக்காத்தால வரட்டும் அவங்களுக்கு எந்த நேரமும் தடாகம் திறந்திருக்கு அந்தப் பொம்பிளையளுக்கு இது ஒண்டுதான் இருக்கு, பிள்ளை தண்ணிக்குள்ள விழுந்தால் தாய் கரையில நிண்டு பாக்கிறதோ ஐயா…”

பொருளாளர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். பூர இடமில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டிட்டார் பாவம். கடைசியில இரண்டு கையையும் தூக்கி, “பிள்ளை, மூச்சை விடுங்கோ! பாக்கிற எனக்கு முட்டுது! சனிக்கிழமையை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ!” எண்டார். விடியக்காத்தால எழும்ப வேண்டி வந்த பெடியள் இண்டைக்கும் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பாக்கிறாங்கள்.

அந்தச் சனி ராத்தா மிதந்தா. முதுகுக்குக் கீழ வச்சிருந்த என்ர கையை மெல்ல எடுத்திட்டன், அவவுக்குத் தெரியாது. நெத்தியைச் சுருக்கி, பல்லை இறுக்கிக் கடிச்சு, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி மேல முறைச்சுக்கொண்டு கிடந்தா. பக்கத்தில நிண்ட பிள்ளை ஒருத்தி, “கொஞ்சம் சிரியுங்கோவன் ராத்தா!” எண்டு பகிடி விட்டாள்.

“பேசாம இரு. அவ முறைக்கட்டும்!” எண்டு அதட்டினன்.

பிறகு உடுப்பு மாத்தேக்க அந்தப் பிள்ளை வந்து சொல்லுறாள், “மிஸ், என்னை அதட்டேக்க உங்கட முகத்தில சிரிப்பே இல்லை. நான் பயந்திட்டன்.”