பாத்தியில் முளைத்த பாஷை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு நின்றவன் இலக்கணம் எழுதினால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும்.

மரக்காணம் உப்பளத்தில் ஒன்றாக வேலை பார்த்தபோது நானும் என் கூட்டாளியும் ஒரு பாஷை உண்டாக்கினோம். நடந்து முடிந்ததற்கு வார்த்தையின் கடைசியில் 'உப்பு', இனி நடக்கப்போவதற்கு 'தண்ணி'. 'வா உப்பு' என்றால் வந்துவிட்டான். 'வா தண்ணி' என்றால் வருவான். பாத்தியில் தண்ணீர்தானே பிறகு உப்பாகிறது! தொப்பைக்கார மேஸ்திரிக்குப் 'பானை' என்று பெயர்.

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் அதையெல்லாம் மேஸ்திரியிடமே விளக்கிவிட்டேன். மறுநாள் கூட்டாளி தூரத்திலிருந்து, "டேய், பானை வா உப்பு!" என்று கத்தினான். அவன் முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி, "வந்துட்டேம்பா. நீ கெளம்பு" என்றார். வேலை போய், சென்னைக்குப் போனவன் அதற்குப்பின் என்னோடு பேசவே இல்லை.

இரண்டு வருடமாகத் தனியாக உப்பு வாருகிறேன். அந்தப் பாஷை பேச ஆளில்லை. நேற்று துணிந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "கோவம் போ உப்பா, போ தண்ணியா?"

மதியம் பதில் வந்தது.

"லூசு, ஞாயித்துக்கெழம வர்றேன், பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லு."