கேட் பக்கத்துச் செங்கல்

போன வருடம் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும், அப்புறம் ஆயுசுக்கும் நாற்காலிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ வாக்கரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்டால் வலி என்பார். வலி இல்லை, பயம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா?

நாங்கள் இருப்பது தஞ்சாவூருக்கு வெளியே, வயலை மனையாக்கிய ஒரு நகரில். வீட்டு முன்னால் இருந்த இடத்தில், இவருக்கு நடக்க ஆசை வரட்டும் என்று ஒரு தோட்டம் போட்டேன். வாசலிலிருந்து கேட் வரை கல் பதித்த பாதை. இரண்டு பக்கமும் பாத்தி கட்டி இட்லிப்பூவும் நந்தியாவட்டையும். பாத்தி ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்து வரிசையாகப் புதைத்த கரை. எல்லாம் யூடியூப் பார்த்து நானே போட்ட திட்டம். கொத்தனார் நூல் பிடித்து, பிசகில்லாமல் பதித்துக் கொடுத்தார். இவர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் மண் களிமண். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். முதல் மழைக்கே வாசலை ஒட்டிய செங்கல் ஒன்று வரிசையை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தது. நான் கவனிக்கவில்லை. இவர் கவனித்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயலில் வளர்ந்தவர். வரப்பு கோணலாக இருந்தால் இவருக்குச் சோறு இறங்காது.

"அந்தக் கல்லு வெளிய வந்துருக்கு பாரு."

"அப்பறம் பாக்குறேங்க. அடுப்புல கொழம்பு இருக்கு."

"இப்புடியே விட்டா பக்கத்துக் கல்லும் சாஞ்சிரும்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சற்று நேரத்தில் வாக்கர் தரையில் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால், மனிதர் பாதையில் நின்று வாக்கரின் காலாலேயே அந்தச் செங்கல்லை இடித்து இடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். குழம்பு அடிப்பிடித்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று நின்றேன்.

மறுநாள் காலை கோலம் போடப் போனபோது, களைக்கொத்தை எடுத்து அடுத்த செங்கல்லை நானே நெம்பிவிட்டேன். காப்பி குடித்த கையோடு இவர் கிளம்பி வந்தார், கொத்தனாரைத் திட்டிக்கொண்டே. அதன் பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது. தினம் ஒரு கல்லாக, வாசலிலிருந்து கேட் பக்கமாக நெம்பிக்கொண்டே போனேன். இவரும் பின்னாலேயே சரிசெய்துகொண்டு வந்தார். வாக்கர் மூலைக்குப் போய்க் கைத்தடி வந்தது. கொத்தனார்தான் பாவம், ஒரு நாள் தவறாமல் வசவு வாங்கினார்.

ஒரு சாயங்காலம் மனது கேட்காமல் சொன்னேன்.

"அந்தக் கொத்தனாரைத் திட்டாதீங்க. நல்ல மனுசன்."

"அவரு நல்லாத்தான் பதிச்சிருக்காரு," என்றார் இவர், காப்பியை ஆற்றிக்கொண்டே. "நாளைக்கு கேட் பக்கத்துல இருக்குற கல்லை நெம்பிவிடு. அதுவரைக்கும் நடந்துருவேன்."