கடைசி அணியின் முதல் ஆள்

அந்த மாதத்தில் மட்டும் நான் மூன்று ஜோடி செருப்பு வாங்கினேன். மூன்றாவது ஜோடியைப் பையிலிருந்து எடுத்தபோது என் மனைவி குனிந்து என் காலைப் பார்த்தாள். "உங்களுக்கு ரெண்டு காலுதானே? எனக்குத் தெரியாம வேற எங்குட்டும் மொளைச்சிருக்கா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் அவள். பொய் சொல்கிற முகத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் உண்மையைச் சொன்னேன். காரைக்குடியில் ஒரு செருப்புக் கடைக்காரரின் முட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை. கவலை. கல்லல் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஆடும் எங்கள் கால்பந்து அணி போன வருடப் போட்டியில் எட்டு அணிகளில் எட்டாவதாக வந்திருந்தது. தொடர்ந்து இரண்டு வருடம் கடைசியாக வரும் அணியைக் கலைத்துவிடுவது என்று கமிட்டியில் விதி. வம்புக்குப் போட்ட விதி இல்லை. தோற்றுத் தோற்று ஆள் வராமல் போன அணிகள் பாதியில் காணாமல் போய், ஆட்டங்கள் கெட்டுப்போன கதை முன்பு நிறைய நடந்திருக்கிறது. விதி நியாயமானது என்று நானே கை தூக்கியிருக்கிறேன். அது என் தலையில் விழும் என்று அப்போது தெரியவில்லை.

அதே கமிட்டி எங்களுக்கு ஒரு வழியும் வைத்திருந்தது. ஒவ்வொரு அணியும் நான்கு பேரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லோரும் பொதுவில் நிற்க வேண்டும். கடைசி இடம் வந்த அணி முதலில் ஒரு பெயர் சொல்லும், கோப்பை வாங்கிய அணி கடைசியில் சொல்லும். அடுத்த சுற்று தலைகீழாக, கோப்பை அணியிலிருந்து தொடங்கும். கமிட்டிக்காரர்கள் அதை டிராஃப்ட் என்பார்கள். எங்கள் வாயில் அது ஆள் எடுப்பு. தோற்றவனுக்கு முதல் பந்தி, அவ்வளவுதான்.

அந்த வருடம் பொதுவில் நின்றவர்களிலேயே கெட்டிக்காரர் செருப்புக் கடைக்காரர். பல வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அவர் பந்தோடு ஓடுவதை ஒருமுறை பார்த்தால் போதும், மற்றவர்கள் எல்லாம் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் போல் தெரிவார்கள். எங்களுக்குக் கோல் போட ஆளே இல்லை. அவர் வந்தால் பிழைப்போம், வராவிட்டால் கலைவோம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் யோசிக்காமல் இருப்பது என் பிறவியிலேயே இல்லை. அவருக்குத் துபாயில் முட்டியில் அடிபட்டு, அதனால்தான் ஊர் திரும்பினார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆள் எடுப்புக்கு முன்னால் எந்த ஆட்டக்காரரிடமும் பேரம் பேசக்கூடாது என்பதால் நேராகக் கேட்கவும் முடியாது. எனவே கடைக்குப் போவேன். மேல் தட்டில் இருக்கிற ஜோடியைக் காட்டச் சொல்வேன். அவர் ஏணியில் ஏறுவார். நான் கீழே நின்று முட்டியைப் பார்ப்பேன். அணில் மாதிரி ஏறி இறங்கினார். வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகம் வரும் என்று ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வருவேன். ஞாயிறு பூசை முடிந்து அந்த முட்டிக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். "யாருக்கு?" என்றாள் மனைவி. சொன்னேன். "அவரு பாயாச்சே, நம்ம அந்தோனியாருக்கு அவரு முட்டிய எப்படித் தெரியும்?" என்றாள். புனிதருக்கு எல்லா முட்டியும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அடுத்த கவலை எங்களுக்குள்ளேயே இருந்தது. நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் ஐந்து பேர், இடம் நான்கு. கோலில் நிற்கிற தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவனை விட முடியாது. நடுவில் ஆடும் அண்ணன் தம்பி இருவர். ஒருவனைப் பிரித்தால் இன்னொருவனுக்குக் கால் வராது. இடது காலால் ஆடும் பாலிடெக்னிக் மாணவனைப் பொதுவில் விட்டால் காரைக்குடி அணிகள் கொத்திக்கொண்டு போய்விடும். ஐந்தாவது ஆள் நான். கேப்டன், பின்வரிசை, வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது, வலது முட்டி மழைக்கு முன்பே மழையைச் சொல்லும்.

என்னை விடச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. கல்லல் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நான்கு பேரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. "நான் பொதுவில நிக்கிறேன்டா. முதல் பேரு செருப்புக் கடைக்காரரு. என்னைய எவனும் சீந்தப் போறதில்ல. கடைசிச் சுத்துல ஒப்புக்கு எடுத்துக்கங்க. முடிஞ்சது" என்றேன்.

"என்னண்ணே இப்புடிச் சொல்றீக" என்றான் கோல்கீப்பர்.

"சொன்னதச் செய். கேப்டன் இனிமே நீதான்."

தலையாட்டினார்கள். அதற்குப் பிறகும் நான் விடவில்லை. வேனை நிறுத்திக் கேட்டேன், போன் போட்டுக் கேட்டேன். முதல் பேரு யாரு? செருப்புக் கடைக்காரரு. பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் சொன்னான்.

ஆள் எடுப்பு கானாடுகாத்தானில் நடந்தது. கமிட்டித் தலைவருடைய வீடு அது. அவர் சென்னையில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கும். வருடத்தில் இந்த ஒரு நாளைக்குத் திறப்பார். நடுவில் வானம் பார்த்த பெரிய முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம். ஒரு பக்கம் அணிகள் உட்காரும். எதிர்ப்பக்கம் பொது ஆட்கள் நிற்போம். பெயர் சொல்லப்பட்டவர் முற்றத்தைக் கடந்து தன் அணியிடம் போக வேண்டும். வீட்டுக்குள் செருப்பு கிடையாது என்பதால் அந்தக் கல்தரையை வெறுங்காலில் கடக்க வேண்டும். சொன்ன பெயரைத் திரும்ப வாங்க முடியாது. எல்லாம் முடிந்ததும் தலைவரின் மனைவி, எல்லோரும் ஆச்சி என்போம், இலை போட்டுச் சாப்பாடு போடாமல் யாரையும் வெளியே விடமாட்டார்.

பொதுப் பக்கத்தில் தூண் ஓரமாக நின்றேன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நிற்பது முதல் தடவை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் மீசை சரியாக முளைக்காதவர்கள். கோப்பை வாங்கிய அணியின் கேப்டன், என்றைக்கும் கேலிக்காரர், என்னைப் பார்த்ததும் முற்றத்தைச் சுற்றி வந்து தோளில் கை போட்டார். "அண்ணே, இந்தத் தடவ நம்மகிட்ட வந்துருங்க. உங்களுக்குன்னே ஒரு எடம் வச்சிருக்கோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எதிர்ப்பக்கம் என் ஆட்கள் நான்கு பேரும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நான்கு தலையும் ஒன்றாகக் குனிந்து ஏதோ பேசின. பதற்றம், பாவம் என்று நினைத்தேன்.

தலைவர் மணியடித்தார். "கடைசியா வந்த அணி, பேரு சொல்லலாம்."

கோல்கீப்பர் எழுந்தான். உதட்டை நக்கிக்கொண்டான். நான் மனதுக்குள் அவனுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணன்" என்றான்.

"எந்த அண்ணன்? பேரைச் சொல்லுங்க தம்பி."

இனிஷியலோடு என் பெயரைச் சொன்னான்.

முற்றத்தின் நாலு பக்கமும் சிரிப்பு எழுந்தது. "டேய், மாத்திச் சொல்லுடா!" என்று கத்தினேன். "சொன்னது சொன்னதுதான். அங்குட்டுப் போங்க சார்" என்றார் தலைவர். உச்சி வெயிலில் கல்தரை அடுப்பு மாதிரி காய்ந்திருந்தது. ஓடினால் இன்னும் சிரிப்பார்கள் என்று நடந்தே கடந்தேன். வீட்டில் மூன்று ஜோடி செருப்பு சும்மா கிடந்தது. நான் போய்ச் சேருவதற்குள் ஏழாவதாக வந்த அணி செருப்புக் கடைக்காரர் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. அவர் இரண்டே தாவலில் முற்றத்தைத் தாண்டினார். முட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

"ஏன்டா?" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச முடிந்தது.

"உங்கள கோப்ப வாங்குனவுக தூக்கிருவாகண்ணே. ரெண்டாவது சுத்து அவுகட்டயிருந்துதானே ஆரம்பம்? நம்ம முறை வர்றதுக்குள்ள அவுகளுக்கு ரெண்டு வாய்ப்பு."

"என்னைய யாருடா தூக்கப் போறா!"

"தோள்ல கை போட்டுக் கேட்டாகளே. எங்க கண்ணால பாத்தோமே."

"அது கேலிடா!"

"கேலியா?" என்றான். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. நாலு முகத்தையும் பார்த்தேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. இந்தச் சீமையிலேயே என்னை ஆளாளுக்கு வந்து கொத்திக்கொண்டு போவார்கள் என்று நம்பிய நாலே பேர் அவர்கள்தான்.

கோப்பை அணியின் முறை வந்தது. துடியான பையன்கள் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுத்தார்கள். என் பெயரைச் சொல்ல வாய்ப்பில்லாமல் போனதே என்ற வருத்தம் அந்தப் பக்கம் யார் முகத்திலும் தெரியவில்லை. என் ஆட்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். பார்த்தார்கள். பார்த்த பிறகு அவர்கள் முகம் போன போக்கைக் கண்டதும், பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

பந்தியில் என் பக்கத்து இலைக்குச் செருப்புக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நீங்க மேல் தட்டுச் செருப்பையே கேட்டப்ப எனக்கு வெளங்கிருச்சு. உங்க அணிக்குத்தான் போகப்போறேன்னு வீட்டுல சொல்லிவச்சிருந்தேன்" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். "நல்லாச் சாப்புடுங்க தம்பி, மொத ஆளா எடுத்திருக்காக" என்று ஆச்சி இன்னொரு கரண்டி வைத்தார். அப்போதுதான் முதல் ஆட்டத்தை அறிவித்தார்கள். எங்கள் அணியும் அவர் அணியும். அவரைப் பிடிக்க வேண்டியது பின்வரிசை. பின்வரிசை என்றால் நான்.

கோல்கீப்பரின் வேனில் திரும்பினோம். கல்லல் ரயில்வே கேட் போட்டிருந்தது. இன்ஜினை அணைத்ததும் நான் வெடித்தேன். "அணி கலைஞ்சு போகும்டா. தெரியுதா? உங்க நாலு பேரையும் ஊர் ஊராப் பிரிச்சுக் குடுத்துருவாக."

கோல்கீப்பர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான். "நீங்க அங்குட்டு நின்னு எங்களுக்கு எதிரா ஆடுறதப் பாக்குறதுக்குக் கலைஞ்சே போகட்டும்ணே."

கூட்ஸ் வண்டி முழுவதும் போய் முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்கு வரும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

வருகிற ஞாயிறு ஆட்டம். விடிந்ததும் கண்மாய்க் கரையில் ஓடுகிறேன். என் பின்னால் வேன் மெதுவாக வருகிறது. நான் நின்றால் கோல்கீப்பர் ஹாரன் அடிக்கிறான். செருப்புக் கடைக்காரர் ஏணியில் ஏறியது கண்ணிலேயே நிற்கிறது. அவர் எந்தக் காலை முதலில் வைத்தார், எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று யோசித்துக்கொண்டே ஓடுகிறேன். அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டால், அவர் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்திய நாலு பேரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து மறுபடியும் மெழுகுதிரி ஏற்றினேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு யாரு முட்டிக்கு?"

"எனக்குத்தான்" என்றேன். அவள் கேலி செய்யவில்லை. கையிலிருந்த பையை வைத்துவிட்டு, தானும் ஒன்று ஏற்றினாள்.