குளியலறைத் தண்ணீர்

என் மனைவி டயாலிசிஸ் மையத்தில் வாங்கிய திட்டெல்லாம் நான் வாங்க வேண்டியது. தெரிந்தே அவளை வாங்கவிட்டேன்.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிறுநீரகம் கெட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் அம்பத்தூருக்கு டயாலிசிஸுக்குப் போகிறேன். எனக்குச் சிறுநீர் பிரிவதில்லை. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் ஒரு நாளைக்கு உண்டான தண்ணீரை மனைவி சின்ன பாட்டிலில் அளந்து தருவாள். என் கண்ணில் படக் கூடாதென்று, தான் குடிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நானோ குளிக்கிற சாக்கில் தாழ்போட்டுக்கொண்டு பக்கெட் தண்ணீரைக் குடித்தேன். சோப்பு நுரை மிதக்கும் தண்ணீர், பாசி பிடித்து வழவழக்கும் மக். ஒருமுறை நாக்கில் தலைமுடி ஒட்டியது. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி மொண்டேன்.

மையத்தில் முதலில் எடை பார்ப்பார்கள். எடை கூடியிருந்தால் நோயாளியைத் திட்டுவதில்லை. கூட வந்தவரைத்தான் திட்டுவார்கள்.

"இன்னாம்மா, மறுபடியும் நாலு கிலோ ஏறிகீது? ஊட்ல தண்ணிப்பந்தலா வச்சிகீற?" என்பாள் எடை பார்க்கும் ஆயா.

"உடு ஆயா, அண்ணாத்தே கொரட்டூர் ஏரிக்குப் போட்டியா நிக்கிறாரு" என்று பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பார். நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

"அளந்துதாம்மா தரேன்" என்பாள் மனைவி. யாரும் நம்பவில்லை. எனக்குக் குழம்பு ஊற்றுவதைக்கூடக் குறைத்தாள். அப்படியும் எடை ஏறியது.

போன மாதம் மூச்சு முட்டி, என்னை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. "உங்களால பாத்துக்க முடியலன்னா ஆள் வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தான் அளக்கத் தெரியலபோல, சார்" என்றாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "அவ மேல தப்பில்ல. பாத்ரூம் பக்கெட்ல திருட்டுத்தனமா குடிச்சது நான்தான்."

ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தத் தண்ணியையா?" என்று மட்டும் மனைவி கேட்டாள். அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே நீங்களே அளந்துக்குங்க. அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்றாள். நான் மையத்துக்கு ஆட்டோ ஏறுகிற நாட்களில் அவள் திருவேற்காட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

நேற்று எடை ஒன்றரை கிலோதான் ஏறியிருந்தது. வந்து சொன்னேன். "அப்படியா" என்றாள், கையிலிருந்த புடவையை மடிக்கத் தொடங்கினாள்.