வெள்ளிக்கிழமைக்குள் நெய்யப்படும்

பட்டுக் கடையில் புடவையை விரித்துக் காட்டுவது ஒரு வேலை, அந்தப் புடவை ஏன் இன்னும் வரவில்லை என்று இங்கிலீஷில் சொல்வது இன்னொரு வேலை. காஞ்சிபுரத்தில் நான் பார்ப்பது இரண்டாவது. வெளியூர்க்காரர்கள் போனிலேயே நிறம் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். அன்றிலிருந்து புடவை அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை பதில் எழுதுகிறவன் நான். கூரியர் ஆபீஸோ, கேஸ் ஏஜென்சியோ, எங்கேயாவது உட்கார்ந்து வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிப் பிழைக்கிறவர்களே, இது உங்கள் கதையும்தான். பரவாயில்லை, சேர்ந்தே மாட்டிக்கொள்வோம்.

யாருப்பா அந்த 'வீ'?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஹைதராபாத் அம்மா ஒருவர் புடவை எப்போது வரும் என்று கேட்டிருந்தார். 'வீ வில் செண்ட் யுவர் சாரி ஆன் ஃப்ரைடே' என்று அழகாகத் தட்டி அனுப்பினேன். நாங்கள் வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம். இதில் என்ன தப்பு? பின்னால் நின்று படித்த முதலாளி, கல்லாப்பெட்டிக்குள் பாம்பைப் பார்த்தவர் மாதிரி ஒரு சத்தம் போட்டார். "யாருப்பா அந்த 'வீ'?"

அங்கேயே பாடம் நடந்தது. ஆள் பேரே வரக்கூடாது. புடவை அனுப்பப்படும், நெய்யப்படும், கவனிக்கப்படும். 'வில் பி' என்றால் உறுதி மாதிரி, 'ஷுட் பி' என்றால் பாதி உறுதி, 'மே பி' என்றால் சாமி விட்ட வழி. 'ஆன் ஃப்ரைடே' கூடாது. 'பை ஃப்ரைடே' என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். நான் திகைத்துப்போனேன். எங்கள் தாத்தா கதை சொன்னால் 'மரம் வெட்டப்பட்டது' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெட்டினவன் பேர், அவன் மீசை, அவன் மாமியார் ஊர் எல்லாம் வரும். ஏன் இப்படி என்று மெதுவாகக் கேட்டேன். நான் எதையும் மெதுவாகத்தான் கேட்பேன்.

"நாங்கன்னு எழுதினா, நாளைக்கு லேட்டாச்சுன்னா அந்தம்மா அந்த நாங்க யாருன்னு தேடிக்கினு கடைக்கே வந்துடும்பா."

மூன்று மாதத்துக்கு ஒரு தரம்

புடவைப் பெட்டிக்குள் வைக்கும் அட்டையையும் என்னையே எழுதச் சொன்னார்கள். பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் விட்டுவைத்தால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால் அவ்வப்போது பிரித்து மாற்றி மடிக்க வேண்டும். கற்ற பாடத்தை மறக்காமல், 'த சாரி மஸ்ட் பி ரீஃபோல்டட் எவ்ரி த்ரீ மன்த்ஸ்' என்று எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கட்டாயம் மாற்றி மடிக்கப்பட வேண்டும். ஆள் பேர் இல்லை. முதலாளிக்குப் பரம சந்தோஷம்.

சென்னையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். காலையிலிருந்து வெளியே எங்கேயும் போகாமல் காத்துக்கொண்டிருக்கிறாராம். யாருக்காக என்று அவரே சொன்னார்.

"மூணு மாசம் முடிஞ்சுபோச்சு சார், மடிக்கறதுக்கு உங்க ஆள் இன்னும் வரலையே?"

சத்தமில்லாத தறி

இதெல்லாம் சிரிக்கிற ரகம். அடுத்தது அப்படியில்லை. புனேயில் ஒரு அம்மா. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் எழுத்துப் போக்குவரத்தெல்லாம் இங்கிலீஷில். திங்கட்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது உடுத்த அரக்கு நிறத்தில், கிளிப்பச்சைக் கரை போட்ட புடவை. 'வில் பி வோவன் பை ஃப்ரைடே', வெள்ளிக்கிழமைக்குள் நெய்யப்படும் என்று எழுதியிருந்தேன். அன்றைக்குக் கூரியரில் போட்டால்தான் கல்யாணத்துக்குப் போய்ச் சேரும். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஒரு போட்டோ கேட்டார். தறியிலேயே படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று ஷேர் ஆட்டோ பிடித்து, எங்கள் நெசவாளர்கள் இருக்கும் ஐயம்பேட்டைக்குப் போனேன்.

வாசல்வரை போயும் தறிச் சத்தமே இல்லை. நெய்கிற ஏகாம்பரம் அண்ணன் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வி அக்கா வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணிக்கு விழுந்த அடி ஒவ்வொன்றும் வேறு யாருக்கோ விழ வேண்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. தறியில் இன்னும் மூன்று முழம் பாக்கி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் அது கோர்வைப் புடவை. தறியில் ஒருவர் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்து உடலை நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆள் கோபித்துக்கொண்டால் ஓர் இழைகூட ஏறாது. இவர்கள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அக்காவின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அண்ணன் லுங்கியோடு போய் நின்றாராம்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள நெய்யப்படும்னு எழுதிட்டேன்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது.

"நெய்யப்படுமா? அப்ப அதுவே நெய்துக்கும், பக்கத்துல உக்காந்து பார்த்துக்கினு இரு தம்பி."

மே பி

முதலாளிக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தாமதமாகலாம்னு போட்டு வை, காரணம் எழுதாதே" என்றார். 'மே பி டிலேட்' என்று அந்த வாசலில் நின்றே அனுப்பினேன். அனுப்பிய சூட்டிலேயே புனே அம்மா கூப்பிட்டுவிட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. "வில் பின்னு சொன்னே, இப்ப மே பிங்கறே. என் பொண்ணு மணையில எதைக் கட்டிக்கிட்டு உட்காருவா? இதை நெய்யறது யாரு? பேர் சொல்லு."

எனக்கு என்ன ஆனதோ தெரியாது. "ஏகாம்பரமும் செல்வியும் மேடம். ரெண்டு பேருக்கும் சண்டை, பேசிக்கல" என்று சொல்லிவிட்டேன். எங்கள் கடையில் நெய்கிறவர் பேரை இதுவரை யாரும் வெளியே சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அது உறைத்தது. புனே அம்மா யோசிக்கவே இல்லை.

"அந்த செல்விகிட்ட போனைக் குடு."

நடுவில் நான்

கெஞ்சுவார், இல்லையென்றால் மிரட்டுவார் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உன் வீட்டுக்காரர் என்னம்மா பண்ணினார்?" அக்கா சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, லுங்கியின் கட்டம் முதல் கிழிசல் வரை விவரமாகச் சொன்னார். புனேயிலிருந்து பதில் வந்தது: "என் வீட்டுக்காரர், சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்து நிக்கறப்ப அரை டிராயரோட, வாயில பிரஷோட போய்க் கதவைத் திறந்தார்மா." அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளே கிரிக்கெட் சத்தம் நின்றது.

அக்கா தறிக்கு வந்தார், ஆனால் அண்ணனோடு பேசவில்லை. அன்றைக்கு முழுக்க நடுவில் நான். "அந்த ஆளை நிதானமா மிதிக்கச் சொல்லு." "நாடா லேட்டா வருதுன்னு சொல்லு தம்பி." ஒன்றரை முழத் தூரத்துக்கு நான் தூது. மறுநாள் போனால் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. நேராகவே சண்டை போட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்துக் கொடுக்கும்போது அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்கன்னா லுங்கியில வரமாட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு தம்பி."

ஒரு வாரத்துக்குள்

திங்கட்கிழமை கடைப் போனுக்கு ஒரு படம் வந்தது. மணையில் பெண், அரக்குப் புடவை, கிளிப்பச்சைக் கரை. கீழே இங்கிலீஷில், ஏகாம்பரத்துக்கும் செல்விக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள் என்று இரண்டு பெயரும் முழுசாக. போனை முதலில் எடுத்தது முதலாளி. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து என் முகமும் வெளுத்தது. "பேரைக் குடுத்துட்டியா? அடுத்த புடவைக்கு அந்தம்மா நேரா ஐயம்பேட்டைக்கே போயிடுமேப்பா!" அவர் சொன்னதும் நியாயம்தான்.

படத்தைப் பெரிதாக்கி, கரை கோர்த்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிசிறே இல்லை. திட்டவும் வாய் வரவில்லை, பாராட்டவும் மனசு வரவில்லை. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உன் வேலையைப் பத்தி ஒரு வாரத்துக்குள்ள முடிவு எடுக்கப்படும்பா."

அந்த ஒரு வாரம் போய் எத்தனையோ வாரமாகிவிட்டது, முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. எடுக்க வேண்டியவரும் நானும் தினமும் ஒரு டீயை வாங்கி ஆளுக்குப் பாதியாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.