தணிகைவேல் மேஸ்திரி கயிற்றை வெட்டினது

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் தணிகைவேல் கலாசி மேஸ்திரி. கலாசி என்றால் கிரேன் தூக்குகிற சாமானுக்குக் கயிறு, சங்கிலி, பெல்ட் போட்டுக் கட்டுகிறவர். நாலு டன் பைப்பு தலைக்கு மேலே போகும்போது கீழே வேலை செய்கிறவன் உயிர் இவர் போட்ட கட்டில்தான் தொங்கும். இருபத்திரண்டு வருஷத்தில் இவர் கட்டின எதுவும் நழுவினது இல்லை. அதனால் தினமும் வேலை ஆரம்பிக்கும் முன்னே பத்து நிமிஷம் பாதுகாப்புப் பேச்சு பேசுகிற பொறுப்பையும் இவரிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் யாராவது கொட்டாவி விட்டால் போச்சு.

"இன்னா எபினேசரு, தூக்கமா? முன்னால வந்து நில்லு. பைப்பு வுழுந்தா நல்லாத் தூங்கலாம், ஒருத்தனும் எழுப்ப மாட்டான்."

இவருடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முடிச்சு எவ்வளவு முறுகிக்கொண்டாலும் கையால் அவிழ்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆணியால் குத்திக் கிளறி அவிழ்க்க வேண்டும். கயிற்றை வெட்டக் கூடாது. வெட்டினவனுக்கு அன்றைக்கு யாரும் டீ ஊற்றித் தர மாட்டார்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போ என்பார்கள்.

அவர் மனைவி பானு, பக்கத்துக் கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் உட்கார்ந்து காருக்கு ஒயர் கட்டுகிறவள். நாற்பத்தொரு வயசு. கம்பெனி பஸ்ஸிலும் எனக்குப் பக்கத்து சீட்டு. இதையெல்லாம் சொன்னதும் அவள்தான், எழுதிக்கோ என்று சொன்னதும் அவள்தான்.

பானு போனில் ஜாக்கெட்டுக்குப் பின்கழுத்து முடிச்சு மாடல் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வீடியோவில் ஜப்பான் அம்மா ஒருத்தி வந்தாள். பாயில் உட்கார்ந்து இன்னொரு பெண்ணின் காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றச் சுற்றக் கட்டம் கட்டமாகச் சிக்குக் கோலம் மாதிரி வந்தது. முதலில் சுளுக்குக்கு வைத்தியம் என்றுதான் பானு நினைத்தாள். நாலாவது தரம் பார்த்தபோதுதான் இது அழகுக்குக் கட்டுவது, புருஷன் பெண்டாட்டி நெருக்கமாக இருக்கிறபோது கட்டுவது என்று புரிந்தது. போனைக் குப்புற வைத்துவிட்டு முருகனுக்கு விளக்கேற்றினாள். கும்பிட்டு முடித்துத் திரும்பவும் போனை நிமிர்த்தினாள்.

ரெண்டு வாரம் யோசித்து வீட்டுக்காரரிடம் காட்டினாள். வெட்கப்படுவார், திட்டுவார் என்று பார்த்தால், அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி:

"எவ்ளோ லோடு?"

"லோடெல்லாம் இல்லீங்க. சும்மா, அழகுக்கு."

"அழகுக்கு எவனாச்சும் கயிறு கட்டுவானா?"

"நான் பொடவை பின்ன இன்னாத்துக்குக் கட்றேன்?"

மேஸ்திரி மறுநாள் சாயந்தரம் கட்டை விரல் தடிமனில் ஒரு பழைய கயிற்றோடு வந்தார். கிரீஸ் வாசனை வீடெல்லாம் வீசியது.

"நான் இன்னா மோட்டாரா?" என்று பானு அதைப் படிக்கட்டில் தூக்கிப் போட்டாள்.

பிறகு கும்மிடிப்பூண்டி பஜாரில் மெல்லிசாகப் பருத்திக் கயிறு வாங்கினார்கள். சொரசொரப்புப் போவதற்குக் கொதிதண்ணியில் போட்டு எடுத்து மொட்டை மாடியில் காயப் போட்டாள். கீழ் வீட்டு அங்காளம்மாள் வடகம் எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மே பானு, துணி காயப்போட கொடியா?"

"ஆமாக்கா."

"இம்மா நீளமா? அவ்ளோ துணியா கீது உன் ஊட்ல?"

மேஸ்திரி தன் பங்குக்கு மெடிக்கல் கடையில் மூக்கு மழுங்கின கத்தரிக்கோல் ஒன்று வாங்கினார். கட்டுப் பிரிக்கிற கத்தரி, தோலில் குத்தாது. கம்பெனியில் தீயணைக்கிற சிலிண்டர் மாட்டுகிற உயரத்தில் ஆணி அடித்து அதை மாட்டினார். கீழே ஒரு அட்டையில் 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதி, சரிபார்த்த தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

ஒரு ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவை வைத்தார்கள். ஜப்பான் அம்மா முதல் அஞ்சு நிமிஷம் கயிற்றையே தொடவில்லை. கத்தரிக்கோலைக் காட்டினாள். ரெண்டு விரலைக் காட்டினாள். காலில் ஒரு இடத்தைத் தொட்டு, கையை ஆட்டி வேண்டாம் என்றாள். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"இந்தப் பேச்செல்லாம் நான் பத்து வருசமாப் பேசிக்கினு கீறேன். கட்றத மட்டும் காட்டச் சொல்லு" என்று வீடியோவை முன்னே தள்ளிவிட்டார்.

கட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே கட்டம் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. சரிகிற கயிற்றைப் பார்த்துக்கொண்டு மேஸ்திரியால் சும்மா இருக்க முடியுமா? அவர் யோசிக்கும் முன்னே கை ஒரு சுருக்குப் போட்டுவிட்டது. பைப்புக்குப் போடுகிற சுருக்கு. இழுக்க இழுக்க இறுகும். கம்பெனியில் இறுகாத முடிச்சு போட்டவனை வேலையை விட்டே அனுப்புவார்கள்.

பானு அழகு பார்க்கப் பீரோ கண்ணாடி முன்னால் எழுந்து நின்றாள். முழங்கால் மடங்கி நிமிர்ந்ததில் சுருக்கு நறுக்கென்று இறுகியது.

"எறும்பு ஊர்றாப்ல கீது. அவுத்துடுங்க."

"தோ, ஒரு நிமிசம்."

முடிச்சு முறுகிக் கல்லாகியிருந்தது. நகத்தால் கிளறினார். ஸ்பூன் காம்பால் கிளறினார்.

"வெட்டுங்க."

"வந்துடும் பானு, தோ வந்துடும்."

"கால் மரத்துப் போவுதுங்க! அந்தக் கத்தரிய எடுங்க!"

கத்தரி நாலடி தூரத்தில், அட்டையோடு, கையெழுத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் முதல் தரமாக பானு, "யோவ், வெட்டுயா!" என்று கத்தினாள்.

பன்னிரண்டு நிமிஷம். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியும். கடைசியில் கையாலேயே அவிழ்த்துவிட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கயிற்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா? ஒரு நூலு போவல."

கட்டினதைக்கூட மன்னித்துவிட்டேன், இந்த ஒரு பேச்சைத்தான் மன்னிக்க முடியவில்லை என்று பானு சொன்னாள்.

எழுந்து நடந்தபோது இடது பாதம் தூக்கவில்லை. தப்பென்று தரையில் அறைந்தது. செருப்பு போட்டால் கால் மட்டும் முன்னே போய்ச் செருப்பு பின்னால் நின்றது. ஆடிக் கிருத்திகைக்கு முப்பத்தாறு நாள்தான் இருந்தது. வருஷா வருஷம் திருத்தணியில் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறிப் புஷ்பக் காவடி எடுக்கிறவள் அவள். அவள் அம்மா உயிர் பிழைத்ததற்கு வைத்துக்கொண்ட வேண்டுதல், ஒரு வருஷமும் தவறினதில்லை.

டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதையாச்சும் இறுக்கிக் கட்டினீங்களா?" என்று கேட்டாள்.

"துணி காயப்போடற கொடி மேடம். கால் மாட்டிக்கிச்சு" என்றார் மேஸ்திரி.

"கொடியில மாட்டினா முட்டிக்குக் கீழ மூணு சுத்து அச்சு வுழுமா?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். பானுதான் உள்ளதைச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பு முண்டாகத் தட்டுப்படும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க ஒரு நரம்பு தோலுக்குப் பக்கத்துலயே போவுது. அது அழுந்தினா பாதம் தூக்காது. நெறையப் பேருக்குக் கொஞ்ச வாரத்துல சரியாயிடும். சில பேருக்கு மாசக்கணக்கா ஆவும். பாதத்துக்குப் பட்டை தரேன், பயிற்சி பண்ணுங்க. இனிமே இந்த எடத்துல எதுவும் இறுக்காதீங்க. மரத்துப் போவுதுன்னு சொன்னா அந்த நிமிசமே வெட்டிடணும்."

அன்றிலிருந்து பானு குளித்துவிட்டு வந்ததும் மேஸ்திரி பேனாவை எடுத்துக்கொண்டு வந்து அழிந்த வட்டத்தை மறுபடி போடுவார். யாரும் இனி அங்கே கயிறு போடப் போவதில்லை. ஆனாலும் போட்டார்.

பானு அவரோடு அளந்துதான் பேசினாள். ஒரு நாள் கேட்டாள்: "உங்க கம்பெனியில இப்டி ஒண்ணு ஆனா இன்னா பண்ணுவீங்க?"

"ரிப்போர்ட் எழுதணும்."

"எழுதுங்க."

எழுதினார். பணி: அலங்காரக் கட்டு. இடம்: மனைவியின் இடது கால். காரணம்: கயிறு முறுகியது.

பானு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கயித்து மேல தப்பா?"

மறுபடி எழுதினார். காரணம்: முடிச்சுத் தவறு. அதுவும் திரும்பி வந்தது. மூணாவது தரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்து எழுதினார். காரணம்: மேஸ்திரி வெட்டவில்லை. பானு அதை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

மேஸ்திரி திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். மூணாவது வாரம் பானுவின் கட்டை விரல் லேசாக அசைந்தது. அந்த நிமிஷமே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். திருத்தணி வரைக்கும் அவரால் காத்திருக்க முடியவில்லை. சாமி கணக்கில் இது சேருமா என்று பானு கேட்டதற்கு, அட்வான்ஸ் என்றார்.

கம்பெனியில் எபினேசர் கேட்டானாம்: "இன்னா மேஸ்திரி, இன்னா வேண்டுதலு?"

"கால் கொணமாவறதுக்கு."

"உன் கால்ல இன்னா?"

"ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு."

ஆடிக் கிருத்திகையில் பானு காவடி எடுத்தாள். பாதம் முக்கால்வாசி வந்திருந்தது. முருகன் கொடுத்தது அவ்வளவு. அதற்கே கோடிப் புண்ணியம். நான் பின்னாலேயே ஏறினேன், கண்ணால் பார்த்தேன். லோடுக்குக் கீழே நிற்காதே என்று பத்து வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், பானுவுக்கு ஒரு படி கீழேயே, ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினார். ரெண்டு இடத்தில் அவள் தடுக்கினாள். ரெண்டு தரமும் அந்தக் கை அங்கே இருந்தது.

புரட்டாசியில் பாதம் முழுசாகச் சரியானது. டாக்டரம்மாவும் பார்த்துச் சரி என்றாள். அடுத்த ஞாயிறு பானு தானாகவே பீரோவிலிருந்து கயிற்றை எடுத்து வந்தாள். மேஸ்திரி ரெண்டடி பின்னால் போனார்.

"வாணாம் பானு."

"எனக்கு வேணும். மொதல்ல வீடியோவ முழுசாப் பாப்போம்."

பார்த்தார்கள். மூணாவது நிமிஷத்தில் மேஸ்திரி கொட்டாவி விட்டார்.

"இன்னா மேஸ்திரி, தூக்கமா? முன்னால வந்து நில்லுங்க."

நின்றார். பிறகு கட்டினார். வட்டத்தை விட்டுத் தள்ளியே கட்டினார். சுருக்கே போடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ரெண்டு விரல் விட்டுப் பார்த்தார், ஒவ்வொரு முடிச்சுக்கும் கால் விரலை ஆட்டச் சொன்னார். கத்தரி இந்தத் தரம் சுவரில் இல்லை, பானு மடியில் இருந்தது. கோலம் கணுக்கால் வரைக்கும் இறங்கி, பார்க்க லட்சணமாக நின்றது. மேஸ்திரி தள்ளி உட்கார்ந்து பார்த்தார். அவருக்கே பெருமையாக இருந்தது.

பானு கத்தரியை நீட்டினாள். "வெட்டுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. முடிச்சு எங்கே என்றும் பார்க்கவில்லை. நறுக்கென்று நடுவில் வெட்டினார். கட்டமெல்லாம் குலைந்து பாயில் விழுந்தது. பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க மரத்துப் போச்சு? எங்க? ஆட்டு, விரல ஆட்டு" என்றார்.

"எங்கியும் இல்ல. சும்மா பாத்தேன்."

மேஸ்திரி ரெண்டு துண்டுக் கயிற்றையும் ரெண்டு கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் வெட்டின முதல் கயிறு அது.

"நல்ல கயிறு பானு."

"ஆமா. இப்ப ரெண்டு கீது. உங்க கால நீட்டுங்க."

ஒரு நாளைக்கு எண்ணூறு ஒயர் கட்டுகிற கை அவளுடையது. அவர் முழங்காலுக்குக் கீழே தடவி, எலும்பு தட்டுப்படும் இடத்தைத் தேடி, பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, அதை விட்டுத் தள்ளிக் கட்ட ஆரம்பித்தாள்.

"ரெண்டு விரல் போவுதான்னு பாரு."

"போவுது, போவுது. பேச்சக் கொறைச்சிக்கினு கால் விரல ஆட்டுங்க."

மேஸ்திரி ஆட்டினார்.